தேநீர்க் கடையில் பிறந்த கணினி

அலுவலக வேலைக்கென்றே உலகில் முதன்முதலாக ஓடிய கணினியைக் கட்டியது, லண்டனில் தேநீரும் கேக்கும் விற்றுவந்த ஒரு குடும்பக் கம்பெனி. பெயர் ஜே. லயன்ஸ். நீலகிரியில் தேயிலையை நம்பி வாழ்கிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

சால்மன், குளுக்ஸ்டீன் என்ற இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டு புகையிலை வியாபாரம் நடத்தின. 1894-ல் லயன்ஸ் என்ற பெயரில் பிக்காடிலி தெருவில் முதல் தேநீர்க் கடையைத் திறந்தார்கள். அரை நூற்றாண்டில் கடைகள் இருநூறைத் தாண்டின. ஒரு கோப்பை தேநீருக்கு வரும் லாபமோ மிகச் சொற்பம். அதற்கு எழுத வேண்டிய கணக்கோ மலையளவு. குமாஸ்தாக்களின் இந்தச் சுமைக்கு வழி தேடி 1947-ல் இரண்டு அதிகாரிகள் அமெரிக்கா போனார்கள். தங்கள் நாட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலேயே ஒரு கணினி உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அங்கேதான் அவர்களுக்குத் தெரியவந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 3,000 பவுண்டு உதவிவிட்டு, அந்த வடிவத்தை வைத்துத் தங்களுக்கென்று ஒன்றைக் கட்டினார்கள். 1951 நவம்பரில் ‘லியோ’ என்ற அந்தக் கணினி பேக்கரிக் கணக்கைப் போட ஆரம்பித்தது.

சுமார் 6,000 மின்னணு வால்வுகள் கொண்ட இயந்திரம் அது. நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்கள். ஒரு முனையில் மின்துடிப்பு ஒலியலையாக மாறும். பாதரசத்துக்குள் அது மெதுவாகப் போய் மறுமுனையில் மீண்டும் மின்துடிப்பாகும். அதைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால், அந்த எண் மறக்காமல் நிற்கும்!

நம் கதைக்கு முக்கியமானது 1954-ல் லியோ ஏற்றுக்கொண்ட வேலை. ஒவ்வொரு கடைக்கும் மறுநாள் எத்தனை ரொட்டி, எத்தனை கேக் போக வேண்டும் என்று தினமும் முடிவு செய்தாக வேண்டும். அதுவரை கடையின் மேலாளர் ஒவ்வொரு பண்டத்துக்கும் படிவம் நிரப்புவார். அந்தப் பழக்கத்தை அடியோடு மாற்றினார்கள். கிழமைவாரியாக வழக்கமான தேவை முன்கூட்டியே பதிவாகி இருக்கும். குறித்த நேரத்தில் தலைமையகத்திலிருந்து போன் வரும். மேலாளர் மாறுதலை மட்டும் சொன்னால் போதும். காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் பெண் அதை அப்போதே கணினி படிக்கும் அட்டையில் துளையிட்டுவிடுவார். இந்த முறைக்குப் பின்னால் இருந்த டேவிட் காமினர் 1936-லேயே லயன்ஸில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். கம்பெனியின் போக்கு அவருக்கு அத்துப்படி. என்னைக் கேட்டால், பாதரசக் குழாயைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ‘மாறுதலை மட்டும் சொல்’ என்ற அந்த ஏற்பாடுதான்.

எமரால்டு, இத்தலார் பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுக்கும் லாரிக்கும், தினமும் எங்கே எவ்வளவு என்று முடிவு செய்யும் இதே சிக்கல்தான். பறித்த பிறகும் இலை சுவாசிக்கும். சாக்கில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறும். கசங்கிய இடம் சிவக்கத் தொடங்கும். தொழிற்சாலையில் வாட்டுவதற்கு முன்பே இலை சிவந்துவிட்டால் தூளின் தரம் போச்சு. ஆகவே இலை சேகரிக்கும் எந்த மையத்துக்கு லாரி முதலில் போகிறது என்பதில் காசு இருக்கிறது. பத்து மையம் என்றால் 36,28,800 விதமான வரிசைகள். பதினைந்து என்றால் 1.3 லட்சம் கோடியைத் தாண்டும். அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க யாரும் முயல்வதில்லை. சுமாரான ஒரு வரிசையில் தொடங்கி, வழியின் ஒரு பகுதியைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, நேரம் குறைந்தால் அதை வைத்துக்கொள்; குறையாவிட்டால் பழையதற்கே திரும்பு என்பது மென்பொருள் கையாளும் எளிய உத்திகளில் ஒன்று.

ஆனால் எந்த ஊரில் பறிப்பு எத்தனை மணிக்கு முடியும், எந்த வளைவில் மூடுபனி இறங்கும் என்பதெல்லாம் டிரைவருக்கும் எடை போடுகிறவருக்கும்தான் தெரியும். கோவையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகளுக்கு லயன்ஸ் காட்டும் வழி இங்கேதான் இருக்கிறது. பெரிய முதலீடு வேண்டாம். வீட்டிலேயே இலை பறிப்பவர்களும் எடை போடுபவர்களும் இருக்கிறார்கள். உதாரணத்துக்கு, ஒரு மையத்துக்குச் செவ்வாய்க்கிழமை வழக்கம் 400 கிலோ என்று முதலில் பதிந்துவிடலாம். அன்று 80 கிலோ கூடினால், அல்லது மழையால் பறிப்பு தள்ளிப்போனால் மட்டும் மதியம் ஒரு போன். ஒரு பறிப்புச் சுற்று முழுக்க இப்படிக் குறித்துவந்தாலே, எந்தக் கிழமை எந்தப் பக்கம் இரண்டாவது லாரி வேண்டும் என்பது தெரிந்துவிடும்.