நள்ளிரவிலும் இருளாத நகரம்: ஹெல்சிங்கியில் கோடைப் பயணம்

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கி, வடக்கு அட்சரேகை 60 பாகைக்குச் சற்று மேலே, பால்டிக் கடலின் ஒரு கிளையான பின்லாந்து வளைகுடாவின் கரையில் அமைந்துள்ளது. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருப்பதால், ஜூன் மாதத்தின் பிற்பகுதியில் இந்நகரில் சூரியன் விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன்னதாகவே உதித்து, இரவு பத்தே முக்கால் மணியைத் தாண்டிய பிறகே மறைகிறது. மறைந்த பின்னும் அடிவானத்திற்கு ஆறு பாகை அளவே கீழே இறங்குவதால், நள்ளிரவிலும் வானம் முழுமையாக இருள்வதில்லை. நள்ளிரவுச் சூரியன் எனப்படும், சூரியன் மறையவே மறையாத நிலை இதிலிருந்து வேறானது. அதைக் காண விரும்புவோர் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி வடக்கே லாப்லாந்துப் பகுதிக்குத்தான் செல்ல வேண்டும்.

இந்த நீண்ட வெளிச்சத்திற்கு ஏற்ப நாளைப் பகுத்துக்கொள்வதே ஹெல்சிங்கிப் பயணத்தில் முதலில் செய்ய வேண்டிய வேலையாகும். பல அருங்காட்சியகங்கள் மாலையிலேயே மூடப்படுகின்றன; திங்கட்கிழமைகளில் திறக்கப்படாதவையும் உண்டு. ஆகவே கட்டடங்களுக்குள் காண வேண்டியவற்றை முற்பகலிலேயே முடித்துக்கொண்டு, தீவுகளையும் கடற்கரையையும் பூங்காக்களையும் மாலைக்கும் முன்னிரவுக்கும் ஒதுக்கி வைப்பவர்களுக்கு, ஒரு நாளின் செலவில் இரண்டு நாட்களின் பயணம் வாய்க்கிறது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கும் வெயில் அடிப்பதால் பசியும் உறக்கமும் நேரம் தவறுகின்றன. சாப்பிட நினைக்கும் வேளையில் உணவகங்களின் சமையலறை மூடிவிட்டிருக்கும். கண்களை மறைக்கும் துணிப்பட்டை ஒன்றை எடுத்துச் செல்வதும், தங்கும் அறையின் சன்னலில் கனத்த திரை உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வதும், குறிப்பாகக் குழந்தைகளுடன் செல்வோருக்கு இன்றியமையாதவை.

கோடை என்ற சொல்லைக் கேட்டு மெல்லிய ஆடைகளை மட்டும் பெட்டியில் அடுக்குவோர் சிரமப்படுவர். ஜூலை மாதத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 18 பாகை செல்சியஸ் மட்டுமே. கடற்காற்று வீசும்போது அதுவும் குறைவாகவே உணரப்படும். கம்பளிச் சட்டை ஒன்றும், காற்றையும் மழையையும் தடுக்கும் மேலுடை ஒன்றும் எந்த வாரத்திலும் தேவைப்படும்.

வாரத்தைத் தேர்வு செய்வதிலும் கவனம் வேண்டும். யுஹான்னுஸ் எனப்படும் நடுக்கோடைத் திருநாள், 1955 முதல் ஜூன் 20-க்கும் 26-க்கும் இடைப்பட்ட சனிக்கிழமையில் கொண்டாடப்படுகிறது. அதற்கு முந்தைய நாளான வெள்ளிக்கிழமையிலேயே நகரவாசிகளில் பெரும்பாலோர் ஏரிக்கரையிலும் தீவுகளிலும் உள்ள தம் கோடைக் குடில்களுக்குச் சென்றுவிட, கடைகள் பலவும் அடைக்கப்பட்டு, தலைநகரம் வெறிச்சோடிக் கிடக்கும். அவ்வாரத்தில் ஹெல்சிங்கியில் இருக்க நேர்வோர், 1909-இல் திறந்தவெளி அருங்காட்சியகமாக உருவாக்கப்பட்ட செவுராசாரித் தீவில், கடலோரத்தில் மூட்டப்படும் பெருந்தீயைக் காணச் செல்லலாம். ஜூலை முழுவதும் விடுமுறை மாதமாதலால் சிறிய உணவகங்கள் சில வாரக்கணக்கில் மூடப்படுவதுண்டு. நகரத்தின் இயல்பான நடமாட்டத்தையும் கோடையின் வெதுவெதுப்பையும் ஒருசேர விரும்புவோருக்கு ஆகஸ்ட் மாதத்தின் முதல் பாதியே மிகப் பொருத்தமானது.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. ஒரே அனுமதியில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் சென்றுவர வழிசெய்யும் இந்த விசாவிற்குப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ அளவிலான மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் கட்டாயம். கோடையில் விண்ணப்பங்கள் குவிவதால் கடைசி மாதம்வரை காத்திருப்பது நல்லதன்று.

ஹெல்சிங்கி செலவு மிகுந்த நகரம் என்பது உண்மையே. ஆயினும் அதன் சிறந்த பகுதிகளில் பல, நகரப் போக்குவரத்துச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருக்கும் எவருக்கும் திறந்தே இருக்கின்றன. டிராம், பேருந்து, மெட்ரோ, ரயில் ஆகிய அனைத்திற்கும் ஒரே சீட்டு செல்லும். நகரப் பகுதி ஏ, பி, சி, டி என்னும் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. விமான நிலையம் சி மண்டலத்தில் இருப்பதால், அங்கிருந்து அரைமணி நேரத்தில் மையத்தை அடையும் ரயிலுக்கு ஏ, பி, சி மூன்றும் சேர்ந்த சீட்டு வேண்டும். நகருக்குள் சுற்றுவதற்கு ஏ, பி போதும். ஏறும் முன்பே செயலியிலோ இயந்திரத்திலோ சீட்டு வாங்கிவிட வேண்டும். தடுப்புக் கதவுகள் எங்கும் இல்லாததைக் கண்டு சீட்டே தேவையில்லை என்று எண்ணுவோர், பரிசோதகரிடம் சிக்கிப் பெருந்தொகை அபராதம் செலுத்த நேரிடும்.

அதே சீட்டைக் காட்டிக் கடலையும் கடக்கலாம். துறைமுகச் சந்தைச் சதுக்கத்திலிருந்து புறப்படும் படகு, கால் மணி நேரத்தில் சுவோமென்லின்னா என்னும் தீவுக் கோட்டையை அடைகிறது. பின்லாந்து சுவீடனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தில், ரஷ்யாவின் கடற்படை வலிமைக்கு அஞ்சி, அவுகுஸ்டின் ஏரென்ஸ்வார்டு என்னும் படை அதிகாரியின் பொறுப்பில் 1748-இல் கட்டத் தொடங்கப்பட்ட இக்கோட்டை, 1808-இல் ரஷ்யப் படையிடம் சரணடைந்தது. 1855-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்களின் குண்டுவீச்சுக்கு ஆளானது. பின்லாந்து விடுதலை பெற்றதற்கு அடுத்த ஆண்டான 1918-இல் இப்போதைய பெயரைப் பெற்று, 1991-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. ஒரு நாட்டின் மூன்று காலங்களும் ஒரே மதிலில் பதிந்திருப்பதைக் காண இதைவிடச் சிறந்த இடம் பின்லாந்தில் அரிது. தீவுகளுக்குள் நுழையக் கட்டணமில்லை. இங்கு இன்றும் ஏறத்தாழ 800 பேர் குடியிருப்பதால், வீட்டு முற்றங்களுக்குள் புகாமல் நடப்பது வருவோரின் கடமை.

நண்பகலில் கூட்டம் நெருக்கும். மாலை நான்கு மணிக்குப் பிறகு செல்வதே நன்று. படகுத்துறையிலிருந்து தெற்கு முனையிலுள்ள அரசர் வாயில்வரை ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நடைபாதை உண்டு. உருண்டைக் கற்கள் பாவிய பாதை என்பதால் கெட்டியான காலணியும், மதிலுக்குள் ஓடும் இருண்ட சுரங்கவழிகளில் நுழையக் கைவிளக்கும் தேவை. தெற்கு முனையில் புல் மூடிய மண்மேடுகளின்மீது பழைய பீரங்கிகள் கடலை நோக்கி நிற்கின்றன. மாலையில் ஸ்டாக்ஹோம் நோக்கிப் புறப்படும் பெருங்கப்பல்கள் இம்முனையை ஒட்டிய குறுகிய நீரிணை வழியாகவே வெளியேறுகின்றன. பல மாடி உயரமுள்ள வெள்ளைக் கப்பல், கரையில் நிற்பவருக்கு முன்னால் மதிலை உரசிவிடுமோ என அஞ்சுமளவு நெருங்கி மெதுவாகக் கடப்பதை, புல்மேட்டில் அமர்ந்து காசில்லாமல் காணலாம்.

பின்லாந்து மக்களின் வாழ்வில் சவுனா எனப்படும் நீராவிக் குளியலுக்கு உள்ள இடம் பெரிது. 2020-இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மரப்பலகைகள் பதித்த அறையில், அடுப்பின்மேல் குவித்த கற்கள் காய்ந்து 80 பாகை செல்சியஸ் அல்லது அதற்கும் மேலாக வெப்பம் ஏறியிருக்க, கற்களின்மீது ஓர் அகப்பை நீரை ஊற்றியவுடன் எழும் ஆவி சில நொடிகளில் மேற்படியில் அமர்ந்திருப்போரின் காதுமடலைச் சுடும். புதியவர்கள் கீழ்ப்படியிலிருந்து தொடங்குவதே முறை. 1928 முதல் கல்லியோ பகுதியில் விறகடுப்பில் இயங்கும் கோத்திஹார்யு போன்ற பழைய பொதுச் சவுனாக்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள் உண்டு. அங்கே ஆடையின்றிக் குளிப்பதே வழக்கம். கூச்சமுள்ளோருக்கு, 2016-இல் கடலோரத்தில் திறக்கப்பட்ட லோய்லு ஏற்றது. இருபாலாரும் சேர்ந்து அமரும் இடமாதலால் அங்கு நீச்சலுடை அணிய வேண்டும். எங்கு சென்றாலும் முதலில் உடலைக் கழுவிக்கொள்வதும், சிறு துண்டை விரித்து அதன்மேல் அமர்வதும் பொது நெறி. இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே செல்ல வேண்டும்.

உணவுச் செலவைக் குறைக்க விரும்புவோருக்குச் சந்தையே துணை. ஸ்ட்ராபெர்ரிப் பழமும், தோலோடு கூடிய பச்சைப் பட்டாணியும் லிட்டர் அளவையில் விற்கப்படுகின்றன. பட்டாணியை உரித்துப் பச்சையாகவே தின்றுகொண்டு நடப்பது இங்கே கோடை வழக்கம். கம்பு போன்ற கருமையுடைய ரை மாவின் மெல்லிய ஓட்டில் அரிசிக் கஞ்சியை வைத்துச் சுடும் கரேலியப் பணியாரம் சைவர்க்கும் உகந்தது. அதன்மேல் முட்டை கலந்த வெண்ணெய் பூசுவார்கள் என்பதால், வேண்டாதவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். துறைமுகச் சந்தையில் கடற்காகங்கள் தின்பண்டத்தைக் கையிலிருந்தே பறித்துச் செல்லும்; கூடாரத்தின் கீழ் அமர்ந்து உண்பது பாதுகாப்பானது. குடிநீரை விலைக்கு வாங்கத் தேவையில்லை. பைய்யானே ஏரியிலிருந்து, பாறையைக் குடைந்து 1982-இல் முடிக்கப்பட்ட 120 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாக வரும் நீர், குழாயிலிருந்து நேரே குடிக்கும் தரத்தில் உள்ளது. மழை நாட்களில், நாடாளுமன்றத்துக்கு எதிரே 2018-இல் திறக்கப்பட்ட 'ஓடி' நூலகத்தில் யாரும் உறுப்பினர் அட்டையின்றி நுழைந்து, அமர்ந்து படிக்கலாம்.

ஒரு நாள் மிஞ்சினால் பெரும்பாலோர் கப்பலேறி, இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள எஸ்டோனியத் தலைநகர் தாலினுக்குச் செல்கின்றனர். அழகிய நகரம்தான், ஆனால் முதல் முறை வருவோர் அந்நாளை, ரயிலும் பேருந்துமாக ஒரு மணி நேரத்தில் அடையக்கூடிய நூக்சியோ தேசியப் பூங்காவிற்குக் கொடுப்பதே மேல். காடு யாருடையதாயினும் அதில் நடக்கவும், காட்டுப் பழங்களையும் காளான்களையும் பறிக்கவும் எல்லோருக்கும் உரிமை தரும் மரபு பின்லாந்தில் நிலைபெற்றுள்ளது. ஜூலை இறுதியிலிருந்து நூக்சியோவின் பைன் மரங்களுக்கடியில் அவுரிநெல்லி எனப்படும் புளூபெர்ரி பழுத்துக் கிடக்கும். உயரமான புல்லில் உண்ணிகள் இருப்பதால் நீண்ட காற்சட்டையும் காலுறையும் அணிந்து செல்வதும், திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள் ஆகிய இடங்களைச் சோதிப்பதும் அவசியம். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள், கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்புப் படர்ந்தால், உண்ணி கடித்த செய்தியை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவ்வழியே பரவும் லைம் நோய் வெப்ப நாடுகளில் அரிதாகையால், சொல்லாவிட்டால் அது மருத்துவரின் நினைவுக்கே வராமல் போகலாம்.