பெட்டூனியா பெரியம்மாவும் ஒன்பதே முக்கால் பிளாட்பாரமும்

பெட்டூனியா என்பவள் ஹாரி பாட்டருக்கு என்ன உறவு வேண்டும்?

இங்கிலீஷ்காரனுக்கு இதில் கவலையே இல்லை. அத்தை, சித்தி, மாமி, பெரியம்மா அத்தனை பேரையும் 'ஆன்ட்' என்று ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுவான். அந்தக் கதையை ராத்திரி படுக்கையில் இரண்டு பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல உட்கார்ந்த எனக்கோ, முதல் அத்தியாயத்திலேயே வண்டி நின்றுவிட்டது. ஹாரியின் அம்மா லில்லிக்கு இவள் அக்கா. ஆகவே பெரியம்மா. அவள் புருஷன் வெர்னான், பெரியப்பா. அவர்கள் பெற்ற தடியன் டட்லி, ஹாரியைவிடச் சில வாரங்களே மூத்தவன் என்றாலும் முறைப்படி அண்ணன்.

"பெரியம்மாவாப்பா மாடிப்படிக்குக் கீழே படுக்க வெச்சாங்க?" என்றாள் மூத்தவள். ஒன்பது வயது. அவளுக்குத் தெரிந்த பெரியம்மா திண்டுக்கல்லில் இருக்கிறார். லீவுக்குப் போனால் முறுக்கு சுட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, திரும்பும்போது கையில் நூறு ரூபாய் திணிப்பவர். "பெரியம்மால்லாம் அப்படிச் செய்ய மாட்டாங்க. நீங்களா சேர்த்துச் சொல்றீங்க!"

சமையலறையில் ஒரு பாத்திரம் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தது. திண்டுக்கல் பெரியம்மா என் மனைவியின் அக்கா. கதை சொல்கிற சாக்கில் நான் யாரைச் சொல்கிறேன் என்று அங்கே ஒரு சந்தேகம்.

எனக்கு இந்தப் புத்தகங்கள் கிடைத்தது 2005-ல், பி.காம். முதல் வருஷம். தமிழ் மீடியத்திலிருந்து போனவன். லெண்டிங் லைப்ரரியில் நாள் வாடகைக்கு எடுத்து, பக்கத்தில் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு படித்தேன். மந்திர வார்த்தைகளை டிக்‌ஷனரியில் தேடிக் களைத்த ஆசாமி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏழாவது புத்தகம் 2007 ஜூலை 21, சனிக்கிழமை வெளிவந்தது. ஹாஸ்டல் மொட்டை மாடியில் இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டு, இனி அடுத்தது கிடையாது என்பதை ஜீரணிக்க ஒரு வாரம் ஆயிற்று. அன்றே முடிவு செய்தேன்: நமக்குப் பிள்ளை பிறந்தால் இதைக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலேயே!

இந்தப் புத்தகம் அச்சுக்குப் போனதே ஒரு குழந்தையால்தான். பன்னிரண்டு பதிப்பாளர்கள் வேண்டாமென்று சொன்ன கதையின் முதல் அத்தியாயத்தை, ப்ளூம்ஸ்பரி கம்பெனித் தலைவர் வீட்டுக்கு எடுத்துப்போய் எட்டு வயது மகளிடம் கொடுத்தார். படித்துவிட்டு வந்தவள், 'மீதி எங்கே?' என்று நச்சரித்தாள். 1997-ல் கெட்டி அட்டையில் 500 பிரதிதான் அச்சடித்தார்கள். இன்று 80-க்கும் மேற்பட்ட மொழிகளில், 60 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றாகிவிட்டது. தமிழிலும் வந்திருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்துவிட்டுச் செல்போனைப் பார்க்கலாம்தான். ஆனால் கதை என்றால் யாராவது சொல்ல வேண்டாமா?

சொல்லும்போதுதான் தெரிகிறது, நம் பாஷையில் சில இடங்கள் எத்தனை சௌகரியம் என்று. 'ஒன்பதே முக்கால் பிளாட்பாரம்' என்றேன். சின்னவன் உடனே பிடித்துக்கொண்டான். ஹாக்ரிட்டுக்கு எங்கள் ஊர் லாரி கிளீனர் தமிழ் கச்சிதமாகப் பொருந்தியது. வாத்தியார் ஸ்நேப்பை ஹாரி 'நீங்க' என்று கூப்பிடும்போதே பல்லைக் கடிப்பது கேட்கும். இங்கிலீஷில் அந்த வசதி கிடையாது.

காசு விஷயத்தில் மட்டும் வீட்டில் கலவரம். மந்திரவாதிகள் கணக்கில் 29 நட் ஒரு சிக்கிள். 17 சிக்கிள் ஒரு காலியன். ஆக, ஒரு காலியனுக்கு 493 நட். "இது என்ன கணக்கு, பைத்தியக்காரத்தனமா?" என்றாள் மூத்தவள். எழுதிய ரௌலிங் அம்மையார் 1965-ல் பிறந்தவர். 1971 வரைக்கும் அவர் நாட்டிலேயே 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். நமக்கும் 1957 வரை 12 தம்பிடி ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய். ஓரமாகக் கட்டிலில் படுத்திருந்த என் அம்மா மட்டும் அசரவில்லை. நாலணா, எட்டணா பேசி வளர்ந்தவள். "இதுல என்ன இருக்கு?" என்றாள். கதை கேட்கவில்லை, தூங்குகிறேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவள் மாட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

கதையின் வில்லனுடைய பெயரை யாரும் உச்சரிக்க மாட்டார்கள். அவ்வளவு பயம். 'பேர் சொல்லக் கூடாதவன்' என்றே நானும் சொல்லி வந்தேன். ஆறு வயசுக்காரன் இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பாட்டியிடம் போனான்.

"பாட்டி, தாத்தா கெட்டவரா?"

"ஏன்டா?"

"நீதான் தாத்தா பேரைச் சொல்லவே மாட்டேங்கிறியே!"

உண்மைதான். ரேஷன் கார்டு விசாரணைக்கு வந்தவரிடம்கூட, "பையன் வந்து சொல்வான்" என்று நிற்க வைத்தவள். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "கெட்டவர் இல்லடா. கோவக்காரர்."

பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே அப்பா போய்விட்டார். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் ஒரு கண்ணாடி வரும். நம் மனசின் ஆசை எதுவோ அதைக் காட்டும். அப்பா அம்மாவைப் பார்த்தறியாத ஹாரி, அதில் அவர்களைப் பார்க்கிறான். மறுநாளும் போகிறான். அந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் தடுமாறியதும், சின்னவன் தூங்கிவிட்டதும் ஒன்றாக நடந்தன. இருட்டில் அம்மா கேட்டாள்.

"எத்தனை நாள் போய்ப் பார்த்தான்?"

"மூணு ராத்திரிம்மா."

"மூணுதானா?"

நான் நினைத்தது ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். ஏழு புத்தகத்துக்கும் சேர்த்து 198 அத்தியாயம், கடைசி ஒட்டு ஒன்று. ஆபீஸ் கணக்கு முடிப்பு, காய்ச்சல், விருந்தாளி எல்லாம் கழித்தாலும் ஒரு வருஷம். இந்த பட்ஜெட்டில் விழுந்த துண்டு என் மகள். இரண்டாவது புத்தகத்தின் நடுவில் ஒருநாள், "அப்பா, நீங்க ரெண்டு பக்கம் தாண்டிட்டீங்க" என்றாள். குவிடிச் ஆட்டத்தைத் தாண்டியிருந்தேன், வேண்டுமென்றேதான். ஏழு பேர் ஓடியாடி ஒரு கோல் போட்டால் 10 பாயிண்ட். ஒருத்தன் ஒரு பந்தைப் பிடித்தால் 150 பாயிண்டும் ஆட்டமும் முடிவு. வர்த்தகம் படித்தவன் எப்படிச் சகிப்பான்?

ஆனால் நான் தாண்டியது அவளுக்கு எப்படித் தெரியும்? பகலில் இங்கிலீஷிலேயே படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். டிக்‌ஷனரி இல்லாமல்! பெருமையாக இருந்தது. உத்தியோகம் போன மாதிரியும் இருந்தது.

மூன்றாவதை நாலே நாளில் முடித்துவிட்டு நாலாவதைக் கேட்கிறாள். அங்கேதான் எனக்கு உதறல். முதல் புத்தகம் 223 பக்கம், நாலாவது 636. தடிமன் மட்டுமில்லை, கதையும் கறுத்துப்போகிறது. கடைசியில் ஒரு நல்ல பையன், பதினேழு வயசு, ஒரு காரணமுமில்லாமல் செத்துப்போகிறான். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் அன்றைய வாசகர்கள் 2000-லிருந்து 2003 வரை காத்திருந்தார்கள். 1997-ல் பதினொரு வயசில் ஆரம்பித்த பிள்ளைக்குக் கடைசிப் புத்தகத்தின்போது இருபத்தொன்று. புத்தகமும் பிள்ளையும் சேர்ந்தே வளர்ந்தார்கள். என் வீட்டில் ஏழும் வரிசையாக அடுக்கியிருக்கிறது. பத்து வயசுக்குள் முடித்துவிடுவாள்.

நாலு முதல் ஏழு வரை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"சீரியல்ல தினம் ஒரு கொலை பாக்குறா. இதுக்குப் போயா?" என்றாள் மனைவி.

சீரியலில் செத்தவன் அடுத்த மாதமே வேறு நடிகராகத் திரும்பி வருவான். இதில் செத்தவர் செத்தவர்தான். அதைச் சொன்னேன். பதில் வரவில்லை.

போன வாரம் மகளே ஒரு சமரசத் திட்டம் கொண்டுவந்தாள். "சாவியைக் குடுங்கப்பா. நானே படிச்சுக்கிறேன். சோகமான இடம் வந்தா மட்டும் நிறுத்திக்கிறேன். அதை நீங்க தமிழ்ல சொல்லுங்க."

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அம்மாவின் குரல்:

"யாருடா சாகப் போறா? எனக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடு."