ஆட்டுப்பாலும் அதன் காப்பும்

கறந்த பால் ஏன் கெடுகிறது? பாலிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் புளிப்பாக மாற்றுவதே காரணமாகும். குழித்துறையைப் போல வெம்மையும் ஈரமும் மிக்க ஊர்களில் இம்மாற்றம் சில மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடும். புளித்த வாடை, கட்டிதட்டுதல், அடுப்பிலேற்றியதும் திரிதல் ஆகியவை கெட்டதற்கு அடையாளங்கள். ஆட்டுப்பாலுக்கே உரிய மணம் அதன் கொழுப்பமிலங்களால் வருவது. அதனைக் கெட்ட வாடையென மயங்கலாகாது.

ஆயினும், நன்றாகத் தோன்றும் பாலெல்லாம் நல்ல பாலன்று. முன்னொரு காலத்தில் மால்டாத் தீவிலிருந்த ஆங்கிலப் படையினரை ஒரு காய்ச்சல் நெடுநாள் வாட்டியது. அதன் கிருமியை டேவிட் புரூஸ் என்பார் 1887இல் உலகுக்கு அறிவித்தார். நலமாகத் தோன்றிய ஆடுகளே அக்கிருமியைச் சுமந்தன என்பதை 1905இல் தெமிஸ்டாக்ளிஸ் சம்மித் கண்டறிந்தார். 1906இல் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சலும் அவர்களிடையே பெரிதும் குறைந்தது.

எனவே, முகர்ந்து பார்த்தல் மட்டும் போதாது, காய்ச்சுதலே காவல். வெந்நீரில் கழுவிய கலத்தில் கறந்து, வடிகட்டி, பொங்கிவரும்வரை காய்ச்சுக. கலத்தை உடனே குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மூடுக. குளிர்ப்பெட்டியாயின் 4 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் வைத்திடுக. பழைய பாலோடு புதுப்பாலைக் கலவாதீர். கெட்டபின் காய்ச்சினால் பால் மீளாது. கெடுமுன் காய்ச்சினால் உடல்நலம் காக்கப்படும்.