பள்ளிப் பைக்காக மாநிலங்களவையில் ஒலித்த மைசூர்த் தமிழரின் குரல்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைக் கடந்து மைசூரை அடையும் ரயில்களில் ஒன்றுக்கு "மால்குடி எக்ஸ்பிரஸ்" என்று பெயர். எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஊரின் பெயர் அது. அந்த ஊரை எழுத்தில் உருவாக்கிய ஆர்.கே. நாராயண், வாழ்நாளின் பெரும்பகுதியை மைசூரில் கழித்த தமிழர். 1906 அக்டோபர் 10-இல் சென்னையில் பிறந்து, 2001 மே 13-இல் அதே நகரில் மறைந்தார். 94 ஆண்டுகள் நீண்ட வாழ்வு அது.

நாவலாசிரியராக அவரை உலகம் அறியும். ஆனால், ஆறு ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர், தில்லியில் விட்டுச் சென்ற ஒரு கோரிக்கையை இன்று நினைவுகூர்வோர் குறைவு. வாக்குரிமை இல்லாத, சங்கம் இல்லாத, ஊர்வலம் போகத் தெரியாத ஒரு பிரிவினருக்காக அவர் அங்கே பேசினார். அவர்கள் பள்ளிக் குழந்தைகள்.

தேர்வில் தோற்ற தலைமையாசிரியர் மகன்: நாராயணின் தந்தை கிருஷ்ணசாமி ஐயர், மைசூர் சமஸ்தானத்தில் பள்ளித் தலைமையாசிரியர். மகனோ சிறு வயதில் சென்னை புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். பின்னர் தந்தைக்கு மைசூர் மகாராஜா உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றலானபோது குடும்பத்தோடு அங்கு சேர்ந்தார்.

தந்தை ஆளும் பள்ளி, கையருகே நூலகம் என எல்லாம் இருந்தும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் நாராயண் தேறவில்லை. ஓராண்டு வீட்டிலிருந்து விரும்பிய நூல்களைப் படித்தார். 1930-இல் தான் பட்டம் பெற்றார். ஸ்ரீரங்கப்பட்டணம் வழியே செல்லும் அதே ரயில் பாதையில் உள்ள சென்னபட்டணத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. சில நாள்களிலேயே அதை உதறிவிட்டு வீடு திரும்பினார். பாடத்திட்டத்தோடு அவருக்கிருந்த பிணக்கு மாணவப் பருவத்தில் தொடங்கி, ஆசிரியப் பணியிலும் தொடர்ந்தது.

நீதிக்கட்சி நாளேட்டின் நிருபர்: தமிழக அரசியலைப் பின்தொடர்வோருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. பிராமணர் அல்லாதார் உரிமைக்காகச் சென்னையிலிருந்து வெளிவந்த "ஜஸ்டிஸ்" நாளேட்டுக்கு 1930-களில் மைசூர் நிருபராகப் பணியாற்றியவர், ஐயர் குடும்பத்தில் பிறந்த இந்த நாராயண். கட்சிக் கொள்கை அவரை அங்கு கொண்டு சேர்க்கவில்லை. குடும்பம் நடத்த வருமானம் தேவைப்பட்டது. ஆனால் அந்த வேலை அவரைத் தெருவுக்கு இழுத்து வந்தது. செய்தி தேடி நகரைச் சுற்றியவருக்குப் பல சாதியினர், பல தொழிலினர் பழக்கமாயினர்.

அப்பழக்கம் வேலை போன பின்னும் நீங்கவில்லை. நாள்தோறும் நடைபயின்று, எதிர்ப்படும் கடைக்காரர், வழக்கறிஞர், மாணவர் என அனைவரிடமும் நின்று பேசுவது அவரது வாழ்க்கை முறையாயிற்று. சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ், புகைப்படக் கலைஞர் டி.எஸ். சத்யன், பின்னாளில் பிரதமர் இந்திரா காந்தியின் தகவல் ஆலோசகராக விளங்கிய எச்.ஒய். சாரதா பிரசாத் ஆகியோர் அவரது மைசூர் நண்பர்கள். அரசுக்காக மைசூர் சமஸ்தானம் முழுவதும் சுற்றி அவர் எழுதிய பயண நூல் 1939-இல் வெளிவந்தது.

தாயுமான தந்தை: அதே 1939-ஆம் ஆண்டுதான் அவரது இல்லத்தில் இருள் சூழ்ந்தது. ஜாதகப் பொருத்தமில்லை என்ற தடையைக் கடந்து, விரும்பி மணந்த மனைவி ராஜம், டைபாய்டு காய்ச்சலுக்குப் பலியானார். மகளுக்கு அப்போது ஏறத்தாழ மூன்று வயது. நாராயண் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தாயும் சகோதரர்களும் கூடி வாழ்ந்த மைசூர் கூட்டுக் குடும்பத்தின் துணையோடு மகளை வளர்த்தார். அத்துயரத்திலிருந்து பிறந்ததே 1945-இல் வெளியான "தி இங்கிலீஷ் டீச்சர்" நாவல். புகழ்பெற்ற கேலிச்சித்திரக் கலைஞரான தம்பி ஆர்.கே. லட்சுமண், அண்ணனின் கதைகளுக்குப் படம் வரைந்தார்.

1958-இல் வெளியான "தி கைடு" நாவலுக்காக 1960-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது, பின்னர் பத்மபூஷண், பத்மவிபூஷண் என விருதுகள் வந்தன. எனினும் வீட்டுத் தாழ்வாரமும் நடைப் பாதையுமே அவரது உலகமாக இருந்தன. ஒரு குழந்தையின் காலைப் பொழுது எப்படி விடிகிறது என்பதை அருகிலிருந்து பார்த்த தந்தையாகவும், பின்னர் தாத்தாவாகவும் அவர் வாழ்ந்தார்.

நியமன உறுப்பினரின் கன்னிப் பேச்சு: குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படும் 12 உறுப்பினர்களில் ஒருவராக 1986-இல் மாநிலங்களவைக்கு வந்தார் நாராயண். ஓவியர் எம்.எப். ஹுசைன், சிதார் மேதை ரவிசங்கர் ஆகியோரும் அதே காலத்தில் நியமிக்கப்பட்டவர்களே. நியமன உறுப்பினர்கள் அவைக்கு அழகு சேர்க்கவே வருகிறார்கள் என்ற விமர்சனம் தில்லியில் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

1989-இல் தமது 82-ஆவது வயதில் அவர் ஆற்றிய கன்னி உரை அவ்விமர்சனத்துக்கு விடையாக அமைந்தது. இலக்கியம் பற்றியோ எழுத்தாளர் நலன் பற்றியோ அவர் பேசவில்லை. முதுகில் பை கனக்க, முன்புறம் குனிந்து நடக்கும் பள்ளிக் குழந்தையைப் பற்றிப் பேசினார். விடியலில் எழுப்பப்படுவது முதல் இரவு வீட்டுப்பாடம் வரை, விளையாடவோ கனவு காணவோ அக்குழந்தைக்கு நேரமில்லை என்பதை எடுத்துரைத்தார். பள்ளிப் பையை ஒழிப்பதைத் தேசியக் கொள்கையாகவே ஏற்க வேண்டும் என்று வேண்டினார்.

யஷ்பால் குழு: அக்குரல் அவைக் குறிப்போடு நின்றுவிடவில்லை. 1992 மார்ச்சில் மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை, அறிவியலாளர் யஷ்பால் தலைமையில் குழு அமைத்தது. "சுமையின்றிக் கற்றல்" என்ற அதன் அறிக்கை 1993 ஜூலையில் அளிக்கப்பட்டது. பையின் எடையைவிடக் கொடியது, புரியாமல் படிப்பதன் சுமையே என்று அக்குழு கண்டது. மழலையர் வகுப்புச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்று பரிந்துரைத்தது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்கும் யஷ்பாலே தலைமை தாங்கினார். சேர்க்கையின்போது குழந்தையைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்தது.

தமிழகத்தில் 2012-13-இல் முப்பருவ முறை வந்தது. ஆண்டு முழுமைக்குமான நூல்களை ஒருசேரச் சுமக்கும் நிலை அதனால் குறைந்தது. முதல் இரு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்கிறது 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை.

யாருக்குச் சொந்தம்?: மகளின் அருகில் வாழ 1990-களில் சென்னைக்குக் குடிபெயர்ந்த நாராயண், 1994-இல் அம்மகளையும் இழந்தார். அவர் கட்டிய மைசூர் யாதவகிரி வீடு 2011-இல் இடிபடும் நிலைக்கு வந்தது. அதை அரசுப் பணத்தில் காக்க முனைந்தபோது, கன்னடத்தில் எழுதாதவருக்கு நினைவில்லமா என்று கன்னட எழுத்தாளர் சிலர் எதிர்த்தனர். தமிழிலும் அவர் எழுதவில்லை. நாமும் அவரை முழுமையாக நம்மவர் என்று கொண்டாடியதில்லை. எனினும் மைசூர் மாநகரம் அவ்வீட்டை மீட்டு, 2016-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. காவிரியின் பெயரால் இரு மாநிலங்களும் அடிக்கடி முகம் திருப்பிக்கொள்ளும் காலத்தில், ஒரு தமிழரின் வீட்டைக் கன்னட நகரம் காத்தது சிறிய செய்தியன்று.

வீடு காக்கப்பட்டது, கோரிக்கை முழுமையாக நிறைவேறியதா என்பதே கேள்வி. இருபது கிலோ எடையுள்ள குழந்தையின் பை இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. எடைக் கருவியைப் பள்ளியிலேயே வைக்க வேண்டும் என்றும் கொள்கை கூறுகிறது. அந்தக் கருவி தங்கள் பிள்ளையின் பள்ளியில் இருக்கிறதா என்று பெற்றோர் கேட்கலாம். கேட்பதற்கு நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.