ஸ்கேன் நார்மல், தலை மட்டும் சுற்றுகிறது

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் ஒரு டூவீலர் சறுக்கி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் உட்கார்ந்து வந்தவர் ஹெல்மெட் போடவில்லை. மண்டை தார்ச்சாலையில் மோதுகிறது. ஒரு நிமிடம் நினைவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார். சுற்றி நிற்பவர்களில் ஒருவர், "ரத்தம்கூட வரல, ஒண்ணும் ஆகல" என்பார். இன்னொருவர் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்போல, "ரத்தம் வெளிய வந்திருந்தா நல்லது, உள்ள கட்டினாத்தான் ஆபத்து" என்பார். இரண்டுமே பாதி உண்மைதான். தலைக்காயத்தில் பாதி உண்மை ஆளையே கொன்றுவிடும்.

முதல் இரண்டு நாளில் கவனிக்க வேண்டியவை தெளிவானவை. வாந்தி திரும்பத் திரும்ப வருவது, தலைவலி நேரமாக ஆகக் கூடுவது, எழுப்பினால் எழாத தூக்கம், பேச்சுக் குளறல், வலிப்பு, ஒரு கை கால் தளர்வது, மூக்கிலோ காதிலோ தண்ணீர்போல் வடிவது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது. இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். வயதானவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. விழுந்தவரிடம் சாராய வாடை இருந்தால் நம் ஊரில் நடப்பதைச் சொல்லத்தான் வேண்டும். "போதை தெளியட்டும்" என்று திண்ணையில் படுக்க வைத்துவிடுகிறோம். மூளைக்குள் ரத்தம் கசிந்தாலும் ஆள் அப்படித்தான் தூங்குவார். குடித்தவர் தலையில் அடிபட்டால், குடிக்காதவரைவிட வேகமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காசைப் பற்றிய பயத்தில்தான் பலர் தயங்குகிறார்கள். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். காப்பீட்டு அட்டை வேண்டாம், எந்த மாநிலத்துக்காரர் என்ற கேள்வியும் இல்லை. ஆனால் இது சாலை விபத்துக்கு மட்டும். புளி உலுக்க ஏறியவரும் கடுக்காய் பறிக்க ஏறியவரும் மரத்திலிருந்து விழுந்தால் இந்தத் திட்டத்தில் வரமாட்டார்கள். அவர்களுக்கு அரசு மருத்துவமனையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும்தான் வழி. கல்வராயன் மலையில் மரம் ஏறுவது பிழைப்பு என்பதால் இந்த வித்தியாசத்தை அங்கே உள்ளவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தூக்கிக்கொண்டு வந்து சேர்ப்பவரைச் சாட்சி சொல்லும்படியோ, பெயர் கொடுக்கும்படியோ யாரும் கட்டாயப்படுத்த முடியாது; மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது.

சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அங்கிருந்து அனுப்பும் முண்டியம்பாக்கத்திலோ, சேலத்திலோ, ஜிப்மரிலோ ஸ்கேன் எடுக்கிறார்கள். 'நார்மல்' என்று வருகிறது. இதற்குப் பிறகுதான் நான் சொல்ல வந்த விஷயமே தொடங்குகிறது.

லேசான மூளைக்காயத்தில் ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். எலும்பு முறிவையும் ரத்தக்கட்டையும் ஸ்கேன் காட்டும். குலுங்கிய நரம்பிழைகளின் தடுமாற்றத்தைக் காட்டாது. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் பட்டால் எரிச்சல், சொன்னது மறப்பது, சின்ன விஷயத்துக்கும் கோபம் எல்லாம் அந்தத் தடுமாற்றத்தால் வருபவை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு இழுக்கிறது. அப்படி இழுப்பதில் வீட்டார் செய்யும் வைத்தியத்துக்கும் பங்குண்டு.

நம் வீடுகளில் இரண்டு வழிதான். வசதி இருந்தால் இருட்டறையில் படுக்க வைத்து, "அசையாதப்பா" என்று ஒரு மாதம் காவல் காப்போம். வசதி இல்லையென்றால் மூன்றாம் நாளே கரும்பு வெட்டப் போவார். முன்பணம் வாங்கியிருப்பார், கட்டிங் ஆர்டர் வந்திருக்கும், மேஸ்திரி வாசலில் நிற்பார். இரண்டுமே தப்பு.

முழு ஓய்வு என்பதை டாக்டர்களே பல காலம் சொல்லி வந்தார்கள். அதைப் புரட்டிப் போட்டவர்களில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்து ஜான் லெடியின் குழு முக்கியமானது. விளையாட்டில் தலை குலுங்கிய 103 இளம் வயதினரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூச்சு சற்று ஏறும்படியான நடை அல்லது சைக்கிள், தினம் 20 நிமிடம். மற்றவர்களுக்கு உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். முதல் குழுவில் பாதிப்பேர் 13 நாளுக்குள் தேறினார்கள், மற்றதில் பாதிப்பேர் தேற 17 நாளானது. 2019-இல் இது வெளியானது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக வல்லுநர்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: 24 முதல் 48 மணி நேரம் வரை வேலையைக் குறைத்து, செல்போனைத் தள்ளி வைத்து இருக்கலாம். அப்போதும் படுக்கையிலேயே கிடக்காமல் மெதுவாக நடக்கத் தொடங்கலாம்.

காரணம் எளிமையானது. அடிபட்ட மூளை, தனக்கு வரும் ரத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பழக்கத்தைத் தற்காலிகமாக இழந்துவிடுகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுவதும் நாலு எட்டு வைத்தால் மண்டை இடிப்பதும் அதனால்தான். அளவான நடை அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கற்றுக்கொடுக்கிறது. படுக்கையோ இருக்கும் கொஞ்சத்தையும் மறக்கடிக்கிறது.

அளவு என்பதுதான் இங்கே உயிர். லெடி குழுவின் கணக்கு இது: எந்த நாடித்துடிப்பில் தொந்தரவு கூடுகிறதோ, அதில் 80 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 140-இல் தலைவலி ஏறினால் 112-க்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். நாடி பார்க்கத் தெரியாதவருக்கு இன்னொரு வழி உண்டு. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கிளம்பும் முன் தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேளுங்கள். நடையில் அது இரண்டு மார்க்குக்கு மேல் கூடினால் அன்றைக்கு அவ்வளவுதான், நாளைக்கு இன்னும் மெதுவாக. நடக்கவே தலை சுற்றுகிறவருக்கு வீட்டுச் சைக்கிளைப் பெரிய ஸ்டாண்டு போட்டு நிறுத்தி மிதிக்கச் சொல்லலாம். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும், ஒருவர் பிடித்துக்கொண்டால் விழ வாய்ப்பில்லை. மலைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் வாசலை விட்டு இறங்கினாலே மேடு பள்ளம். மேடு ஏறுவது இந்தக் கணக்கில் சேராது. பள்ளி மைதானம்போல் சமதளம் தேடுங்கள். தலைசுற்றல் முழுதாக நிற்கும்வரை மரம் ஏறுவதும் வண்டி ஓட்டுவதும் கூடாது. ஆறாத மூளை மீது விழும் இரண்டாவது அடி முதல் அடியைவிடக் கொடியது.

"நாள் பூரா உழைக்கிறவனுக்கு நடை எதுக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நடையில் தலை வலித்தால் அவர் நிற்கலாம். கரும்புக் கட்டைத் தூக்கி டிரெய்லரில் ஏற்றும்போது நிற்க முடியாது. பின்னால் அடுத்தவர் கட்டோடு நிற்பார். உழைப்பின் வேகம் அவர் கையில் இல்லை, நடையின் வேகம் இருக்கிறது. உடற்பயிற்சிக்கும் கூலிவேலைக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

இது இந்த மாதத்தோடு முடிகிற கதையும் இல்லை. மறதி நோய் பற்றிய லான்செட் ஆணையம் 2024-இல், நாம் நினைத்தால் குறைக்கக்கூடிய 14 காரணங்களை அடுக்கியது. தலைக்காயம் அதில் ஒன்று, உடலை அசைக்காமல் இருப்பது இன்னொன்று. அடிபட்டவரை மாதக்கணக்கில் படுக்க வைத்தால், ஒரு காரணம் இருந்த இடத்தில் இரண்டாக்கிவிடுகிறோம். 2011-இல் வெளியான கிர்க் எரிக்சனின் ஆய்வு 120 முதியவர்களை ஓராண்டு கவனித்தது. வாரம் மூன்று நாள் நடந்தவர்களுக்கு, நினைவைக் காக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. நடக்காதவர்களுக்குச் சுருங்கியிருந்தது. அவர்கள் தலையில் அடிபட்டவர்கள் அல்லர், சாதாரண முதியவர்கள். ஆனாலும் நடையை மூளை உணர்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

இழப்பீட்டுக்கு வருவோம். போலீஸ் தொல்லை வேண்டாம் என்று, மோதிய வண்டியை மறைத்து, "தானா விழுந்துட்டாரு" என்று ஆஸ்பத்திரியில் எழுத வைப்பவர்கள் உண்டு. விபத்துப் பதிவேட்டில் ஏறிய அந்த ஒரு வரி பிற்பாடு வழக்கையே சாய்த்துவிடும். நடந்ததை நடந்தபடி சொல்லி, அந்தப் பதிவேட்டின் நகல் (ஏ.ஆர். காப்பி), ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஸ்கேன் நார்மல் என்றால் இன்சூரன்ஸ் தரப்பு காயமே இல்லை என்று வாதாடும். ஒவ்வொரு முறையும் தலைவலியையும் மறதியையும் டாக்டரிடம் சொல்லி ஓ.பி. சீட்டில் ஏற்றியிருந்தால்தான் பதில் சொல்ல முடியும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க இப்போதைய சட்டம் வைத்திருக்கும் கெடு ஆறு மாதம். அடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. கல்வராயன் மலையின் மலையாளி மக்கள் பழங்குடியினர் என்பதால், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவச வக்கீல் பெற அவர்களுக்கு உரிமை இருக்கிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

ஒரு மாதமாகியும் தலைவலியோ மறதியோ விடவில்லை என்றால் மறுபடி டாக்டரைப் பாருங்கள். அப்போது மாத்திரையோடு கிளம்பிவிடாதீர்கள். எத்தனை நிமிடம் நடக்கலாம், எந்த வேலை எத்தனை நாள் கூடாது என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மேஸ்திரியிடம் வாயால் சொன்னால் எடுபடாது, அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.