மறுப்புரை எழுதப் பயிற்றல்

சிலப்பதிகாரத்தின் காலம் பற்றிக் கட்டுரை வரைக எனின், முதுகலை மாணவருட் பெரும்பாலோர் அறிஞர் கருத்துக்களை நிரலே அடுக்கி, இறுதியில் ஒன்றனைத் தழுவி முடிப்பர். இது தொகுப்பேயன்றி ஆய்வாகாது. பெரும்புலவர் பெயர் கேட்ட அளவிலேயே மாணவர் எழுதுகோல் பணிந்துவிடுகின்றது.

கயவாகு மன்னனைச் சான்றாக்கிச் செங்குட்டுவனைக் கி.பி. 2-ஆம் நூற்றாண்டினன் எனக் கொண்டார் கனகசபைப் பிள்ளை (1904). வையாபுரிப் பிள்ளையோ காப்பியத்தைப் பல நூற்றாண்டுகள் பிற்படுத்தினார். இவற்றுள் ஒன்றைத் தேர்வதன்முன் மாணவர் மூலங்களை நோக்குதல் வேண்டும். வரந்தரு காதையும் உரைபெறு கட்டுரையும் கயவாகுவைச் சுட்டுகின்றன. மகாவம்சமோ முதற் கயவாகுவின் வரலாற்றிற் பத்தினி வழிபாட்டைக் கூறவில்லை. அப்பெயர் பூண்ட மற்றொருவன் 12-ஆம் நூற்றாண்டில் ஈழத்தை ஆண்டமையும் கருதத்தக்கது. இவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு: செங்குட்டுவன் காலம் வேறு, அவனைப் பாடிய நூலின் காலம் வேறாகலாம். அங்ஙனமாயின் இரு கொள்கைகளும் ஒன்றையொன்று முழுதும் மறுப்பனவல்ல. இதனைத் தாமே காணும் மாணவர், பத்து விரிவுரைகளிற் பெறாத பயனைப் பெறுவர்.

பிறர் மதம் மேற்கொண்டு களைதலை நன்னூலார் எழுவகை மதத்துள் ஒன்றாக வைத்தார். நாம் அதனைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வித்து விட்டுவிடுகின்றோம். வையாபுரிப் பிள்ளையை மறுக்க விழைவார், அவர் காட்டிய மொழிச்சான்றுகளை அவர் பக்கத்தாரும் ஒப்புமாறு முதற்கண் ஒரு பக்கம் எழுதுக என்போம். அதன் பின்னும் மறுப்பு எஞ்சுமாயின் கட்டுரை தொடங்கலாம். எஞ்சாதாயின் தலைப்பை மாற்றிக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை.