பெண் ஃபைட்டர் மீன்கள் ஒரே தொட்டியில் வாழுமா?

ஃபைட்டர் மீன் என்று கடைகளில் விற்கப்படும் பெட்டா, தாய்லாந்தின் நெல்வயல்களிலும் ஆழமற்ற நீர்நிலைகளிலும் வாழும் இனம். ஆண் மீன்கள் இரண்டை ஒன்றாக விடக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். பெண்கள் சாது என்பதோ பாதி உண்மைதான். அவையும் இடத்துக்காகச் சண்டையிடும். வயலில் தோற்ற மீன் விலகி ஓடிவிடும். கண்ணாடித் தொட்டிக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. சிக்கலின் வேர் இதுதான்.

ஆகவே குறைந்தது 75 லிட்டர் கொள்ளும் நீளமான தொட்டி வேண்டும். இரண்டு மூன்று மீன்கள் மட்டும் இருந்தால், வலியது ஒன்றையே குறிவைத்துத் துரத்தும். ஐந்துக்கு மேல் இருந்தால் அந்த முரட்டுத்தனம் பங்கிடப்படும். பார்வையை மறைக்கும் அளவுக்குச் செடிகள் அடர்ந்திருக்க வேண்டும். காற்றைச் சுவாசிக்க மேலே வரும் மீன்கள் இவை என்பதால், அங்கும் மறைவு கிடைக்க மிதக்கும் செடிகளும் அவசியம். நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ்.

ஒரே ஈட்டில் பிறந்து சேர்ந்து வளர்ந்த மீன்களே நல்ல தேர்வு. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவது நல்லது. முன்பே குடியேறிய மீன், புதிதாக வருவதை எதிரியாகவே பார்க்கும். துடுப்பு குட்டையான ஆண் மீனைப் பெண் என்று வாங்கிவிடும் ஆபத்தும் உண்டு. வயிற்றடியில் தெரியும் சிறு வெண்புள்ளி பெண்ணுக்கு அடையாளம், ஆனால் இளம் ஆண்களிடமும் அது சில வேளை தென்படும்.

கிழிந்த துடுப்பு, உடலில் படுக்கைக் கோடுகள், தீனி எடுக்காமல் மூலையில் ஒதுங்குதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். மாதக்கணக்கில் அமைதியாக இருந்த கூட்டத்திலும் சண்டை வெடிக்கலாம். பிரித்து வைக்கத் தனித் தொட்டி இல்லாதவர்கள் இந்த முயற்சியில் இறங்கவே கூடாது.